கடலும் கடனும்

கடல் என்னும் சொல்லுக்கும் கடன் என்னும் சொல்லுக்கும் ஓரெழுத்தே வேறுபாடு. வகுப்பறையில் மாணவர்களுக்குச் சொல்லாராய்ச்சி கற்பிக்கும்போது இதனைப் பலமுறை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கும் பொருள் வேறு. ஆயினும் எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை அவ்விரண்டும் ஒன்றே என்பதை உணர எனக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்தக் கதையையே இம்மலரில் எழுதத் துணிகிறேன். தமிழ்த்துறை மலரில் பவளப்பாறைக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். ஒரு சொல்லை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதில் ஒரு கடலின் வாழ்வே அடங்கியிருக்கக்கூடும் என்பதே அவர்களுக்கு என் மறுமொழி.

சுவரில் பூத்த கடல்

கீழக்கரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த சிற்றூர் எங்களுடையது. எங்கள் பழைய வீட்டின் சுவர்கள் இரண்டு முழம் கனமுள்ளவை. மழைக்காலம் தோறும் எங்காவது ஓரிடத்தில் காரை பெயர்ந்து விழும். உள்ளிருக்கும் கற்கள் அப்போது வெளியே தெரியும். அவை மலைக் கற்களைப் போன்றவை அல்ல. ஒவ்வொரு கல்லின் முகத்திலும் நூற்றுக்கணக்கான சிறு விண்மீன்கள் செதுக்கினாற்போல் நெருக்கமாக அமைந்திருக்கும். சிறுவனாக இருந்தபோது அவற்றின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு, யார் இத்தனை பொறுமையாகச் செதுக்கினார்கள் என்று வியந்ததுண்டு. உம்மாவிடம் கேட்டேன். “அது கடல்பூ” என்று உம்மா சொன்னார்.

பின்னர்ப் பள்ளியில் நவமணிகளைப் பற்றிப் படித்தபோது, பவளமும் அவற்றுள் ஒன்று என்று அறிந்தேன். அன்று மாலை வீட்டுக்கு ஓடிவந்து, நம் வீட்டுச் சுவர் முழுவதும் பவளம் என்று கூவினேன். வீட்டிலுள்ளோர் சிரித்தனர். நகையில் பதிக்கும் செம்பவளம் வேறு. மத்தியதரைக் கடல் போன்ற தொலைக்கடல்களிலிருந்து வருவது. எங்கள் கடலில் இருப்பது பாறையாய்த் திரண்டு வளரும் வேறோர் இனம். மக்கள் வழக்கில் அது முருகைக்கல். புத்தகத்தில் அது பவளப்பாறை. மணியாகிய பவளத்துக்குத் தமிழில் துகிர் என்றும் பெயருண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களைப் பட்டினப்பாலை அடுக்கிக் கூறும்போது, கீழைக்கடலின் துகிரையும் சேர்த்துக் கூறுகிறது. அரபு மொழியில் மர்ஜான் எனப்படுவதும் இதுவே. இத்தனை அழகிய பெயர்கள் இருந்தும், எங்கள் கரையில் கிடைத்த இனத்துக்கு நாங்கள் ஒட்டிய சொற்கள் இரண்டே: கல், பாறை. அங்கேதான் பிழை தொடங்கிற்று என இன்று எண்ணுகிறேன்.

அப்பாவின் காளவாய்

வாப்பாவின் தந்தையாரை ‘அப்பா’ என்றழைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பாவுக்கு ஊரின் தென்கோடியில் ஒரு சுண்ணாம்புக் காளவாயும், கடலில் மூன்று வல்லங்களும் இருந்தன. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் விடியுமுன் வல்லங்கள் தீவுகளை நோக்கிப் புறப்படும். ஆழம் குறைந்த இடத்தில் ஆட்கள் மூழ்கிக் கடப்பாரையால் நெம்பிக் கல்லைப் பெயர்த்தெடுப்பர். மாலையில் வல்லத்தின் விளிம்பு நீரைத் தொடுமளவு பாரத்தோடு கரை திரும்புவர். கற்கள் கரையில் குவித்து உலர்த்தப்படும். அவற்றுள் பெரியவை கட்டடத்துக்குச் செல்லும். எஞ்சியவை காளவாயில் வெந்து, நீற்றப்பட்டு, வெண்மையான சுண்ணாம்பாக மூட்டைகளில் ஏறும். மன்னார் வளைகுடாக் கரையில் இத்தொழில் அந்நாளில் பரவலாக நடந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் முருகைக்கல் கடலிலிருந்து வெளியேறியது.

அப்பா தீயவர் அல்லர். ஊரில் வீடு கட்ட வழியில்லாத ஏழைக்குச் சுண்ணாம்பை விலையின்றிக் கொடுத்தவர். பெருநாள் வருமுன் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு ஆண்டுதோறும் எங்கள் காளவாயிலிருந்தே சென்றது. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, விடுதிக் கட்டணத்துக்கான பணத்தை ஒரு துணிப்பையில் முடிந்து என்னிடம் தந்தவரும் அவரே. அந்தப் பையின் மடிப்புகளில் வெண்துகள் படிந்திருந்தது. நான் கற்ற இலக்கணமும், ஏறிய மேடையும், இன்று எழுதும் இவ்வரிகளும் அந்த வெண்துகளிலிருந்து வந்தவை. ஆகையால் இக்கட்டுரையில் யாரையேனும் குற்றங்கூறும் தகுதி எனக்கு இல்லை.

கல் நாறுமா?

அப்பாவின் வல்லத்தில் கல்லெடுத்தவர்களுள் ஒருவர் இன்றும் எங்களூரில் இருக்கிறார். அவரை நான் மாமா என்றழைப்பேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், அந்தத் தொழிலைப் பற்றி அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு அவர் சொன்னார்:

“கல்லுக்கு உசுரு உண்டுன்னு அன்னிக்கு யாரு தம்பி சொன்னா? புதுசாப் பேத்தா கையெல்லாம் வழவழன்னு ஒட்டும். பாசின்னு நெனச்சோம். கரையில போட்டா மறுநாள் நாத்தம் தாங்காது. கல்லு நாறுமா தம்பி? அப்பவே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா கூலி வாங்கிட்டு வந்துட்டேன்.”

கல் நாறுமா? முப்பதாண்டுக் காலம் இலக்கணம் கற்பித்த எனக்கு, எழுதப் படிக்கத் தெரியாத அம்முதியவர் ஒற்றை வினாவில் பாடம் நடத்திவிட்டார். நாறியது என்றால் அது இறந்தது. இறந்தது என்றால் அதற்கு முன் அது வாழ்ந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் நான் விரலோட்டிய விண்மீன் ஒவ்வொன்றும் ஓர் உயிர் குடியிருந்த அறை.

அறிவியல் கூறுவதும் இதுவே. பவளம் என்பது ஒரு விலங்கு. பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே உடைய மென்மையான உடல். அதன் வாயைச் சுற்றி உணர்விழைகள். கடல்நீரிலிருந்து சுண்ணத்தை எடுத்துத் தனக்கடியில் ஒரு கிண்ணம் போல் கட்டிக்கொள்கிறது. இவ்வாறு இலட்சக்கணக்கான உயிர்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சேர்ந்து கட்டியதே பாறை. அவற்றின் திசுக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி கதிரவன் ஒளியில் உணவு சமைத்துப் பவளத்துக்கு அளிக்கிறது. பவளம் அதற்கு உறைவிடம் தருகிறது. பவளத்தின் வண்ணங்களுள் பெரும்பகுதி இந்த விருந்தாளியால் வருவதே. உலகக் கடலடிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லாத பவளப்பாறைகளை, கடல்வாழ் இனங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஏதோ ஒரு வகையில் சார்ந்து வாழ்கிறது.

திரண்ட பாறையாக வளரும் பவளங்கள் பொதுவாக ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. இதை அறிந்த நாளில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கல்லைச் சாணால் அளந்து பார்த்தேன். சரியாக ஒரு சாண். அப்படியானால் அது உருவாக இருபது ஆண்டுகளுக்கும் மேல் சென்றிருக்கும். ஒரு பிள்ளை பிறந்து, நடந்து, படித்துப் பட்டம் பெறும் காலம் அது. அதனைப் பெயர்க்க மாமாவின் கடப்பாரைக்குச் சில நிமிடங்களே போதுமானவையாக இருந்தன.

இழந்தவை

மன்னார் வளைகுடாவில், இராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 சிறு தீவுகள் கரைக்கு இணையாக வரிசையாய் நிற்கின்றன. அவற்றைச் சுற்றியே பவளப்பாறைகள் உள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்களை ஆய்வாளர் இங்குப் பதிவு செய்துள்ளனர். இத்தீவுகளுள் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், இன்று நீருக்கு மேல் இல்லை. சுற்றியிருந்த பாறையை அகழ்ந்தெடுத்தபின், அலையைத் தடுப்பார் இன்றி அத்தீவுகளின் மணல் அரிக்கப்பட்டுக் கடலுக்குள் அமிழ்ந்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் தன் பரப்பில் பெரும்பகுதியை இழந்து, இரண்டாகப் பிளவுபடும் நிலைக்கு வந்தது. மண்டபத்தில் இருந்த கடல் மீன்வள ஆராய்ச்சி அறிஞர்கள் 1970களின் தொடக்கத்திலேயே இதனை எச்சரித்து எழுதியிருந்தனர். அவர்கள் எழுத்து எங்கள் காளவாய் வரை வந்து சேரவில்லை.

அக்கரையில், இலங்கையின் தென்மேற்குக் கடற்கரையிலும் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை அகழ்ந்தெடுக்கும் தொழில் நெடுங்காலம் நடந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, பாறை பாதுகாக்கப்பட்டிருந்த இக்கடுவையில் கடல்நீர் ஏறத்தாழ 50 மீட்டர் தொலைவே உட்புகுந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பாறை அகழப்பட்டிருந்த பெரேலியவில் அலை ஒன்றரைக் கிலோமீட்டர் வரை நிலத்துக்குள் பாய்ந்ததென ஆய்வாளர் கண்டனர். ஒரு தொடர்வண்டியே அலையில் புரண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது அவ்விடத்தில்தான். எங்கள் கரைக்கு அன்று இலங்கை நிலப்பரப்பே மறைப்பாக நின்றது. இல்லையேல் எங்கள் காளவாயின் கணக்கும் அன்றே தீர்க்கப்பட்டிருக்கலாம்.

சட்டம் வந்தது, வெப்பமும் வந்தது

1986ஆம் ஆண்டில் இத்தீவுகளும் சுற்றியுள்ள 560 சதுரக் கிலோமீட்டர் பரப்பும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் வளைகுடாவின் 10,500 சதுரக் கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதாவது, புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் கிடைத்தது. எங்களூர்க் காளவாய் அதற்கு முன்பே அணைந்துவிட்டிருந்தது. அது இருந்த இடத்தில் இப்போது வேலிக்கருவை வளர்ந்து நிற்கிறது. தூத்துக்குடிப் பக்கத்திலும் ஆழிப்பேரலைக்குப் பிந்திய ஆண்டுகளில் கல்லெடுப்பு நின்றது.

கடப்பாரை ஓய்ந்ததும் துன்பம் ஓய்ந்தது என்று நான் நம்பினேன். நம்பிக்கை பிழையாயிற்று. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை மிகுந்து, அவ்வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே பவளத்துக்கும் நுண்பாசிக்கும் உள்ள நட்பு முறிகிறது. பவளம் தன் விருந்தாளியை வெளியேற்றிவிடுகிறது. வண்ணம் போய், மெல்லிய உடலினூடே எலும்புக்கூடு வெண்மையாய்த் தெரிகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி மீளும்; தணியாவிடில் பவளம் பட்டினியால் இறக்கும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடா இவ்வாறு வெளிறியது. 2016இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 39இலிருந்து 23 ஆகக் குறைந்ததெனத் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையத்தார் கணக்கிட்டனர். 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்ந்துகொண்டிருப்பதாக அறிவிப்பு வந்தது. உலகப் பவளப்பாறைப் பரப்பில் 84 விழுக்காடு அதன் வெப்பத்துக்கு ஆளானதாக 2025இல் கூறப்பட்டது.

2016ஆம் ஆண்டுக் கோடையில் மாமா தம் மகனுடன் வல்லத்தில் சென்று திரும்பியிருந்தார். காற்றற்ற கடல், தெளிந்த நீர். வல்லத்தின் விளிம்பிலிருந்து குனிந்து பார்த்தாராம். “என்ன பார்த்தீங்க மாமா?” என்று கேட்டேன். “கபன் போர்த்துன மாதிரி இருக்கு தம்பி, கண்ணுக்கெட்டுன வரைக்கும்” என்றார். இறந்தோருக்கு அணிவிக்கும் வெண்துணியைத் தவிர வேறு உவமை அவருக்குத் தோன்றவில்லை. அதனினும் சிறந்த உவமையை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

வீட்டிலிருந்து கடல் வரை

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கடல் சூடாவதற்கு உலகமெங்கும் எரியும் நிலக்கரியும் எண்ணெயும் காரணம். இதில் நான் என்ன செய்ய இயலும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள முயன்றேன். மறுநாள் வைகறைத் தொழுகைக்குப் பின் வீட்டு வாசலில் நின்றபோது, எங்கள் வீட்டுக் கழிவுநீர் செல்லும் சிறு வாய்க்கால் கண்ணில் பட்டது. ஏனோ அதன்வழியே நடந்தேன். தெருவைக் கடந்து, சந்தைத் திடலைச் சுற்றி, மீன் ஏலம் விடும் கொட்டகைக்குப் பின்னால் அது கடலில் கலந்தது. முந்நூறு அடிகள் கூட இராது. முப்பது ஆண்டுகளாக நான் சோப்பு நீரையும் சாக்கடையையும் அனுப்பி வைத்த முகவரி அது.

அழுக்கு நீர் கடலில் கலக்கும்போது பாசிகள் மிகுந்து பவளத்தை மூடுகின்றன; கலங்கல் ஒளியை மறைக்கிறது; நோய்கள் பெருகுகின்றன. வெப்பத்தால் நலிந்த பவளம் மீண்டெழ வேண்டுமானால் மற்றத் துன்பங்களேனும் குறைய வேண்டும். காய்ச்சலில் கிடப்பவனுக்குப் பட்டினியும் அடியும் சேர்ந்தால் அவன் பிழைப்பானா? காய்ச்சலைத் தணிக்க உலகம் கூடி முயல வேண்டும். அடியை நிறுத்துவது நம் ஊர்க்காரியம்.

அப்பா அறியாமல் செய்தார். நானோ அட்டவணையும் சட்டமும் அறிந்தபின் செய்துகொண்டிருந்தேன். இருவரில் யார் கடன் பெரிது?

அந்த ஆண்டே வீட்டுக் கொல்லையில் மலக்குழித் தொட்டியும் உறிஞ்சுகுழியும் கட்டினேன். அண்டை வீட்டார் முதலில் நகைத்தனர். “வாத்தியார் கடலைக் கழுவப் போகிறாரா?” என்று ஒருவர் கேட்டார். இன்று எங்கள் தெருவில் ஏழு வீடுகளில் உறிஞ்சுகுழி உள்ளது. ஏழு வீடுகளால் ஒரு கடல் தூய்மையாகிவிடாது என்பதை அறிவேன். ஆனால் ஏழு என்பது சுழியம் அன்று.

காக்கும் வழிகள்

நம்பிக்கை தரும் செயல்கள் பல இக்கரையிலேயே நடைபெறுகின்றன. மேற்கூறிய தூத்துக்குடி நிலையத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்த்து வருகின்றனர். நாற்று நடுவது போன்ற பொறுமையான வேலை அது. வான் தீவைச் சுற்றி 2015 முதல் காங்கிரீட்டாலான செயற்கைப் பாறைகள் அமைக்கப்பட்டன. அரிப்பு குறைந்து அங்கே மணல் சேர்ந்தது. பவளக் குஞ்சுகளும் மீன்களும் அப்பாறைகளில் குடியேறின. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்னும் அயற்பாசி 2008இல் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின்மேல் படர்ந்திருப்பது அறியப்பட்டது. அதனைக் கையால் அகற்றும் பணியும் நடந்துள்ளது. வளர்க்க எடுத்த ஒன்று வளர்ந்ததை விழுங்கக்கூடும் என்பதற்கு அது சான்று.

இவை எல்லாவற்றினும் என் மனத்தைத் தொட்டது பாம்பன் அருகேயுள்ள சின்னப்பாலத்துப் பெண்களின் செயல். கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் அவர்கள், மாதத்தில் பன்னிரண்டு நாள்களே பாசி எடுப்பது என்று தாமே வரையறுத்துக்கொண்டனர். பவளத்தைப் புண்படுத்தும் இரும்புச் சுரண்டியை விடுத்து, விரலில் துணி சுற்றிக்கொண்டு கையால் பறித்தனர். அவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015ஆம் ஆண்டில் சீகாலஜி என்னும் பன்னாட்டு அமைப்பின் விருது வழங்கப்பட்டது. அன்றாடக் கூலியை நம்பி வாழ்வோர் தம் வருவாயில் ஒரு பகுதியைக் கடலுக்காக விட்டுக்கொடுக்க முடியுமானால், மாத ஊதியம் பெறும் நாம் எதை விட்டுக்கொடுத்தோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடியை அரைத்துச் செல்லும் இழுவைமடியைப் பாறைப் பகுதிக்குள் கொண்டுசெல்லாதிருத்தல், அறுந்த வலையைக் கடலிலேயே எறியாதிருத்தல், தீவருகே நங்கூரத்தைப் பவளத்தின்மேல் போடாதிருத்தல், பவளத்தையும் சங்கையும் அலங்காரப் பொருளாக வாங்காதிருத்தல், ஊர்க் கழிவுநீரைத் தூய்மையாக்கிய பின்னரே கடலில் விடுதல் ஆகியவை அரிய தவங்கள் அல்ல. ஜமாஅத்துக் கூட்டத்திலும், ஊர்ப் பஞ்சாயத்திலும், மீனவர் சங்கத்திலும் பேசி முடிக்கக்கூடிய காரியங்கள்.

பூசாத சுவர்

2019இல் எங்கள் பழைய வீட்டை இடித்துப் புதிதாய்க் கட்ட வேண்டிய நிலை வந்தது. அந்தக் கற்களை அடித்தளத்தில் கொட்டி நிரப்பிவிடலாம் என்று கொத்தனார் சொன்னார். என் தம்பியும் அதற்கு இசைந்தார். முன்கட்டுச் சுவர் ஒன்றை மட்டும் இடிக்காமல், பூசாமலும் விடவேண்டும் என்று நான் கேட்டேன். “அப்பா செய்த தொழிலை ஊருக்குக் காட்ட வேண்டுமா காக்கா?” என்று தம்பி வருந்தினார். அவர் வருத்தம் எனக்கும் இருந்தது. மறைத்துப் பூசினால் அப்பாவின் பெயர் மட்டும் எஞ்சும். திறந்து வைத்தால் அவர் விட்டுச்சென்ற கடனும் நினைவிலிருக்கும். கடனையும் சேர்த்து ஏற்பவனே வாரிசு என்று சொன்னேன். தம்பி மறுக்கவில்லை.

அச்சுவர் இன்றும் நிற்கிறது. சென்ற விடுமுறையில் தம்பியின் பேத்தி அதன் விண்மீன்களில் விரலோட்டிக்கொண்டு, இதை யார் செதுக்கியது என்று கேட்டாள். கடல்பூ என்று நான் சொல்லவில்லை. கல் என்றும் சொல்லவில்லை. “இங்கே ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் இருந்ததம்மா” என்றேன். உடனே அவள் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, நோகாமல் தொடுவது போல், மெல்ல மறுபடியும் வைத்தாள்.

அன்பு மாணவர்களே, உங்களுள் பலர் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, உங்கள் வீட்டு வாய்க்கால் எங்கே சென்று முடிகிறது என்று ஒருமுறை நடந்து பாருங்கள். உங்கள் ஊர் முதியவர்களிடம் கடலடியைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் அறிந்தவை எந்த நூலிலும் ஏறவில்லை. பெரியோர்களே, நம் முன்னோர் கடலிலிருந்து பெற்ற வளத்தில்தான் நம் வீடுகளும் கல்விக்கூடங்களும் எழுந்தன. கொடுத்தவர் கேட்கவில்லை என்பதற்காகக் கடன் இல்லையென்று ஆகிவிடாது. நம் கையில் எஞ்சியிருப்பது பிள்ளைகளுக்கு உரிய அமானிதம். அதைக் குறைவின்றி ஒப்படைப்போம்.